சிவப்புக் கோடு எந்தப் பக்கம்?

ஒரு விடுகதை போடுகிறேன். பதில் தெரிந்தவர்கள் உடனே கத்திவிடாமல் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பெல்லாம் துளை, ஆனால் சல்லடை இல்லை. துளைக்குத் துளை கயிறு, ஆனால் தறி இல்லை. வாய் கிடையாது, ஊளையிடும். வயிறு கிடையாது, உறுமும். ஒரு கயிற்றை இடம் மாற்றினால் குருவி மாதிரி கீச்சிடும். இன்னொன்றை மாற்றினால் குழந்தை மாதிரி அழும். அது என்ன?

தெரியவில்லையா? பரவாயில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் உமாபதிக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் அது ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. அவன் வீட்டு மேஜையில் ஏறி உட்கார்ந்தது. சனிக்கிழமைக்குள் அவன் மனைவி, மகள் இரண்டு பேரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டான். அதன் பெயர் மாடுலர் சிந்தசைசர்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது ஒரு பெட்டி. பெட்டிக்குள் எட்டுத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் மாட்யூல் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்று சுருதி எழுப்பும். ஒன்று அதை வடிகட்டும். ஒன்று ஓசையை ஏற்றி இறக்கும். எதற்குப் பிறகு எது என்று யாரும் முடிவு செய்து வைக்கவில்லை. நாமே தகட்டுக்குத் தகடு ஒயர் போட்டு இணைத்துக்கொள்ள வேண்டும். விடுகதையில் கயிறு என்று சொன்னேனே, அது இந்த ஒயர்தான்.

பெட்டியைக் கொண்டுவந்தவன் ஃபைசான். சரிகைக் கடை அப்துல் சத்தாரின் மகன். கடையில் உட்காரச் சொன்னால் தூங்கிவிடுவான். குறும்படத்துக்கு இசை போடச் சொன்னால் தூங்கவே மாட்டான்.

அவன் உமாபதியைத் தேடி வரவில்லை. உமாபதியின் மனைவி துர்காதேவியைத் தேடி வந்தான்.

துர்கா டிப்ளமோவில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். இப்போது பல தறிகளின் தலையில் ஒரு மின்பெட்டி உட்கார்ந்திருக்கிறது. சேலையில் எந்த இடத்தில் மயில் வர வேண்டும், எந்த இடத்தில் மாங்காய் வர வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அதுதான். அதற்குக் கோளாறு வந்தால் மயிலுக்குத் தலை இருக்காது. அப்போது ஐயம்பேட்டை வரைக்கும் எல்லாரும் துர்காவைத்தான் கூப்பிடுவார்கள்.

"துர்காக்கா, மூணாவது மாட்யூல் மட்டும் திடீர் திடீர்னு குரல் போயிடுதுக்கா. தட்டினா வருது. அப்புறம் மறுபடி போயிடுது."

"தட்டினியா? எத்தினி வாட்டி?"

"ஒரு... இருபது வாட்டி."

"பாவம்டா அது!" என்றாள் துர்கா.

தறியில் உட்கார்ந்திருந்த உமாபதியின் கை நின்றது. போன மாதம் அவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பலகை மாதிரிக் கிடந்தான். அப்போது துர்கா சொன்னது, "தைலம் அலமாரியில இருக்குது." அவ்வளவுதான். பாவம் என்ற சொல் அந்த வீட்டில் இருப்பதே அவனுக்கு இன்றுதான் தெரிந்தது.

ஃபைசான் போகும்போது ஒரு டப்பாவை நீட்டினான்.

"மக்கன் பேடாக்கா. எங்க அம்மா குடுத்து அனுப்பிச்சாங்க. உங்களுக்காகத் தனியா துவா செய்யறாங்க."

உமாபதிக்காக யாரும் பிரார்த்தனை செய்யவில்லை. அந்தக் கோபத்தில் அவன் நாலு பேடா தின்றான்.

அன்றிலிருந்து துர்கா நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெட்டியோடு பேச ஆரம்பித்தாள். "இன்னா ஆச்சு உனக்கு? சூடானா வாய மூடிக்கிறியா? இல்ல அசைஞ்சாலா?" அவள் குரல் குழைந்தது. உமாபதி வேண்டுமென்றே இரண்டு முறை இருமிப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

இதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாதது வேறு.

மகள் சுகாசினி நாலாம் வகுப்பு. பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ, யாராவது ஒருவர், வகுப்புக்கு வந்து தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். யார் வருவது என்று பிள்ளையே முடிவு செய்து எழுதி, திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

உமாபதி வெள்ளைச் சட்டையை அன்றே இஸ்திரி போட்டு வைத்துவிட்டான். பேச்சையும் தயார் செய்துவிட்டான். "மாணவச் செல்வங்களே" என்று தொடங்கும் பேச்சு. ஆனால் சனிக்கிழமை ஆகியும் படிவம் காலியாகவே இருந்தது.

"சுகா, இன்னும் எழுதலியாமா?"

"யோசிச்சிக்கினு இருக்கேன்பா."

"இதுல யோசிக்க இன்னா இருக்குது? அப்பா பட்டு நெய்யறேன். உலகமே கட்டுது."

"அப்பா, எங்க கிளாஸ்ல முப்பத்தாறு பேரு. பத்தொம்பது பேரோட அப்பா பட்டு நெய்யறாங்க. ஏற்கெனவே பதினொரு பேரு எழுதிக் குடுத்துட்டாங்க."

"நான் அவங்கள மாதிரி இல்ல. நான் வேற மாதிரி நெய்வேன்."

"உங்க தறி அழுமா?"

"ஏன் அழணும்?"

"அந்தப் பெட்டி அழுவுதுப்பா. ஒயர மாத்தினா சிரிக்குது."

அன்று உமாபதி ஒரு முடிவுக்கு வந்தான். அது சாதாரண முடிவு இல்லை. நெய்வதை நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்து எடுத்த முடிவு. அந்த மூன்றாவது தகட்டை அவனே சரிசெய்யப் போகிறான். மகள் கண் முன்னால். துர்கா வீட்டில் இல்லாத நேரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த நேரம் வந்தது. ஐயம்பேட்டையில் ஒரு தறிப்பெட்டி நின்றுவிட்டதாகப் போன். துர்கா பையை மாட்டிக்கொண்டாள்.

"மூணு மணிக்கெல்லாம் வந்துடுவேன். அந்தப் பெட்டிய யாரும் தொடக் கூடாது."

"நான் ஏன் தொடறேன்? எனக்கு வேற வேல இல்லியா?"

"உங்களுக்குனு நான் சொல்லலியே. பொதுவாச் சொன்னேன்."

ஷேர் ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் மறைந்தது. உமாபதி நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டினான். அது அவன் தலைக்குச் சிறியது, இறுக்கிப் பிடித்தது.

"சுகா, இங்க வா. உங்கப்பா யாருனு பாரு."

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். உமாபதியைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். ஐயாயிரம் இழை ஓடும் பாவில் ஒரே ஓர் இழை அறுந்தாலும், அவன் விளக்குப் போடாமலே எது என்று காட்டுவான். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைப் பிடிக்கவும் அவனுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் துர்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பொறாமையோடு பார்க்கிறவன் எதையும் தவறவிட மாட்டான்.

பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான். மூன்றாவது தகட்டின் திருகுகளைக் கழற்றினான். தகட்டை வெளியே இழுத்தான். அதன் முதுகில் ஒரு பட்டை ஒயர் செருகியிருந்தது. பெட்டியிலிருந்து தகட்டுக்கு மின்சாரம் கொண்டுவருவது அந்தப் பட்டைதான். அதன் ஓர் ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஓடியது. அதையும் உருவி எடுத்தான்.

பிறகு தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, இழை பார்ப்பது போலப் பார்த்தான். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

"சுகா! இத பாரு. இந்தத் துளைக்குப் பின்னால ஈயப் பொட்டு இருக்குது பாரு. அதச் சுத்தி வளையம் மாதிரி வெடிச்சிருக்குது. தெரியுதா?"

"தெரியலப்பா."

"தெரியாது. முடிய விட மெல்லிசு. உங்கம்மா நாலு நாளா தேடறா. நான் ரெண்டு நிமிஷம்!"

உண்மையாகவே கோளாறு அதுதான். ஒயரைச் செருகும் துளையின் கால், ஈயத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் ஆடிக்கொண்டிருந்தது. ஒட்டினால் பாட்டு. ஒட்டாவிட்டால் மௌனம். உமாபதி அயர்னைச் சூடாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு ஈயம் வைத்தான். பொட்டு வட்டமாகப் பளபளத்தது. அத்தோடு அவன் தகட்டை முன்பு இருந்தபடியே மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பட்டை ஒயரைத் திரும்பச் செருகப் போனவன் நின்றான். முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது.

"அட! உங்கம்மா இத தப்பா மாட்டி வெச்சிருக்கா!"

"எப்பிடிப்பா?"

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். உமாபதியின் தறியில் சேலை குப்புறப் படுத்துத்தான் வளரும். நல்ல பக்கம் கீழே, பின்பக்கம் மேலே. நெய்கிறவன் பார்ப்பது எப்போதும் பின்பக்கம். அவன் கண்ணுக்கு வலப்பக்கம் தெரிகிற கரை, சேலையைப் புரட்டினால் இடப்பக்கம் வரும். இருபது வருஷமாக அவன் மூளை எதைப் பார்த்தாலும் தானாகவே புரட்டிக்கொள்ளும்.

தகட்டின் முதுகில், சிவப்புக் கோடு வர வேண்டிய பக்கத்தில் ஒரு வெள்ளைக் குறி இருந்தது. உமாபதியின் கண்ணுக்கு அது இடப்பக்கம்.

"பாரு சுகா. நாம இப்போ பின்பக்கம் பாக்கறோம். இங்க இடதுனா நெசத்துல வலது. அதனால செவப்புக் கரை வலப்பக்கம் வரணும். உங்கம்மா குறியப் பாத்து அப்பிடியே மாட்டிட்டா. அவ நெய்யல இல்ல, அவளுக்குத் தெரியாது."

"ஆனா முன்னாடி அப்பிடித்தானே பாடிச்சு?"

"அதான் விட்டு விட்டுப் பாடிச்சு."

சுகாசினி யோசித்தாள். "அப்பா, ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும்னு அம்மா சொன்னாங்க. ரெண்டு மாத்தினா எது குத்தம்னு தெரியாதாம். நீங்க ஈயமும் வெச்சிட்டீங்க, ஒயரையும் மாத்தறீங்க."

"ரெண்டும் சரியா இருந்தா குத்தம் எங்கிருந்து வரும்?"

பட்டையைத் திருப்பிச் செருகினான். தகட்டை முடுக்கினான். பிளக்கை மாட்டி, மகளை ஒரு முறை பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட்டான்.

டப்.

மூன்றாவது தகட்டுக்குப் பின்னாலிருந்து ஊதுபத்தி அளவுக்கு ஒரு புகை எழுந்தது. வாசனை ஊதுபத்தி மாதிரி இல்லை. பெட்டி முழுக்க இருட்டு. எட்டுத் தகட்டிலும் ஒரு விளக்குகூட இல்லை. காலையில் ஒரு தகடுதான் ஊமை. இப்போது எட்டும் ஊமை.

"அப்பா, இப்போ அது அழுவுதா, சிரிக்குதா?" என்று கேட்டாள் சுகாசினி.

உமாபதி ஜன்னல்களைத் திறந்தான். சாம்பிராணி ஏற்றினான். பூதக்கண்ணாடியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"கண்ணு, அம்மாகிட்ட சொல்லாத. இன்னா வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம். அம்மா கேட்டா சொல்லுவேன்."

"கேக்கலன்னா?"

"கேக்கலன்னா சொல்ல மாட்டேன்."

அதற்கு மேல் அவளிடம் பேரம் பேச முடியாது. அவள் துர்காவின் மகள்.

மூன்று மணிக்குத் துர்கா வந்தாள். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னா விசேஷம்? சாம்பிராணி?"

"கொசு."

"மத்தியானத்துலயா?"

"புது மாதிரி கொசு."

துர்கா காலைக் கழுவிக்கொண்டு மேஜைக்குப் போனாள். சுவிட்சைப் போட்டாள். இருட்டு. கோபப்படவில்லை. அதுதான் உமாபதிக்குப் பயம். கோபப்படாத துர்கா கணக்குப் போடும் துர்கா.

"பிளக்குல கரண்ட் இருக்குது," என்றாள், மீட்டரை வைத்துப் பார்த்து. "அடாப்டர் நல்லா இருக்குது. அப்போ உள்ள எவனோ ஒருத்தன் எல்லாரையும் இழுத்து வெச்சிருக்கான்."

ஒவ்வொரு தகடாகப் பட்டை ஒயரை உருவி, ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். முதலாவது: இருட்டு. அதை மாட்டிவிட்டு இரண்டாவது: இருட்டு. மூன்றாவதை உருவியதும் மற்ற ஏழும் பளிச்சென்று எரிந்தன.

"ஏழு பேரும் நல்லவங்க."

மூன்றாவது தகட்டைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தறியில் உட்கார்ந்திருந்த உமாபதி ஒரே ஊடை இழையை மூன்று முறை போட்டான்.

"ஏங்க, நான் இல்லாதப்போ யாராவது வந்தாங்களா?"

உமாபதிக்கு ஒரு நொடியில் ஒரு பெயர் தோன்றியது. நாலு நாளாக அவன் மனசில் உறுத்திக்கொண்டிருந்த பெயர்.

"ஃபைசான் வந்தான்," என்றான். "ஏதோ திறந்து பாத்துக்கினு இருந்தான். நான் கவனிக்கல."

சுகாசினி அப்பாவைப் பார்த்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அப்பிடியா!" என்றாள் துர்கா. அவள் முகம் மலர்ந்தது. "அதானே பாத்தேன்! இங்க வாங்களேன், இந்த ஈயப் பொட்டப் பாருங்க."

"எதுக்கு?"

"நாலு நாளா நான் தேடின வெடிப்பு இதுதான். எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியல. அந்தப் புள்ள கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க. அவனுக்கு இன்னா கண்ணு!"

உமாபதி ஊடையை நிறுத்தினான்.

"பத்த வெச்சிருக்கற அழகப் பாருங்க. வட்டமா, பொட்டு வெச்ச மாதிரி. எனக்கே இவ்ளோ சுத்தமா வராது. பொறுமையான கை. இந்த மாதிரி கண்ணும் கையும் இந்தத் தெருவுலயே யாருக்கும் கெடையாது."

"தெருவுலயேவா?" என்றான் உமாபதி.

"ஊர்லயே. சுகா, நான் உங்க மிஸ்கிட்ட பேசறேன். அப்பா அம்மாதான் வரணும்னு இன்னா? இந்த ஃபைசானயே வரச் சொல்லலாம். பசங்களுக்கு நல்லா சொல்லிக் குடுப்பான். இப்பவே போன் பண்ணி வாழ்த்து சொல்றேன்."

துர்கா போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.

உமாபதி தறியிலிருந்து எழுந்த வேகத்தில் பலகை கவிழ்ந்தது.

"போன வை! அவன் வரவேயில்ல! நான்தான் கண்டுபிடிச்சேன்! நான்தான் பத்த வெச்சேன்! ரெண்டே நிமிஷம்! சுகாவக் கேளு!"

துர்கா போனை வைத்தாள். மிக மெதுவாக.

"நீங்களா? நெசமாவா?"

"நெசமா! ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாமே நான்தான்!"

"கழட்டினது?"

"நான்!"

"திரும்ப மாட்டினது?"

"நானேதான்! வேற எவன் கையும் படல!"

"அப்போ பட்டையத் திருப்பிச் சொருகி, ரெண்டு டயோட எரிச்சதும் நீங்கதான்."

தெருவில் இருபது தறிகள் டக்கு டக்கென்று ஓடிக்கொண்டிருந்தன. இந்த வீட்டுத் தறி மட்டும் நின்றிருந்தது.

உமாபதி கரை, குப்புறப் படுத்த சேலை, இடது, வலது எல்லாவற்றையும் விளக்கினான். துர்கா கடைசி வரை கேட்டாள்.

"சேலைய நீங்க பின்னால பாத்து நெய்யறீங்க. கட்டறவங்க முன்னால பாக்கறாங்க. அதனால புரட்டணும். இதுல குறி போட்டவனும் பின்னால பாத்துதான் போட்டான். நீங்களும் பின்னாலதான் பாக்கறீங்க. நடுவுல எதுக்குங்க புரட்டினீங்க?"

உமாபதி கவிழ்ந்த பலகையை நிமிர்த்தினான்.

துர்கா ஒரு டப்பாவிலிருந்து கடுகு அளவில் இரண்டு டயோடை எடுத்தாள். யாராவது பட்டையை மாற்றி மாட்டினால், தாங்கள் எரிந்து மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே வைக்கிற உருப்படிகள் அவை. எரிந்ததை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாள். சிவப்புக் கோட்டை வெள்ளைக் குறிப் பக்கமாகச் செருகினாள். சுவிட்சைப் போட்டாள். எட்டுத் தகட்டிலும் விளக்கு எரிந்தது. மூன்றாவது தகடு ஒரு தரம் கனைத்துவிட்டு, கணீரென்று பாட ஆரம்பித்தது. நிறுத்தவேயில்லை.

அதற்குள் ஃபைசானே திரும்பக் கூப்பிட்டான். "அக்கா, மிஸ்டு கால் இருந்துச்சு?"

"உன் பெட்டி ரெடிடா. வெடிப்பக் கண்டுபிடிச்சது உங்க அண்ணன்தான்."

"அண்ணனா?" என்று ஃபைசான் சிரித்தான். "போங்கக்கா, சும்மா சொல்லாதீங்க."

உமாபதி பேடா டப்பாவைத் தேடினான்.

சுகாசினி படிவத்தையும் பேனாவையும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். உமாபதி அவள் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"கண்ணு, வெடிப்பக் கண்டுபிடிச்சது யாரு?"

"நீங்கதான்பா."

"பத்த வெச்சது?"

"நீங்க."

"அதெல்லாம் மனசுல வெச்சிக்கினு எழுது."

அவள் பேனாவைத் திறந்தாள். படிவத்தில் நிரப்ப வேண்டிய இடங்கள் இரண்டு இருந்தன. 'பேச வருபவர்' என்ற இடத்தில் துர்காதேவி என்று எழுதினாள். 'செய்து காட்டக் கொண்டுவரும் பொருள்' என்ற இடத்தில் அப்பா என்று எழுதினாள்.